நம்ம போஸ்ட் ஆபீஸை மூடப் போறாங்களாமே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். மாதா மாதம் ஆர்.டி. தவணை வாங்க வீடு வீடாகப் போகிறவள். கொஞ்ச நாளாகப் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது. ஒரே கேள்வியை ஒவ்வொரு மாடிப்படியிலும் நின்று விளக்குவதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் துறை ஊழியர் அல்ல. ஆனால் கவுன்டரின் இந்தப் பக்கம் நின்று நிறைய பார்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் நகரத்துத் துணை அஞ்சலகங்களைப் பற்றியவை. கிராமத்துக்கு 11-வது கேள்வியைப் பாருங்கள்.

1. அக்கா, நம்ம போஸ்ட் ஆபீஸை மூடப் போறாங்களாமே, நிஜமா?

'மூடப் போகிறார்கள்' என்று ஊரில் சுற்றும் பேச்சுக்குப் பின்னால் மூன்றில் ஏதோ ஒன்று இருக்கும். உங்கள் அலுவலகத்தை அருகிலுள்ள இன்னொன்றோடு இணைக்கலாம். உண்மையில் மூடல் என்றால் அதுதான். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வேறு தெருவுக்குப் போகலாம். அல்லது தபால்காரர்கள் மட்டும் வேறு இடத்துக்கு மாறி, கவுன்டர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இந்த மூன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு.

போஸ்ட் மாஸ்டரிடம் கேட்கும்போது "மூடறீங்களா சார்?" என்று கேட்காமல், "உத்தரவு வந்துவிட்டதா, முன்மொழிவுதானா?" என்று கேளுங்கள். முன்மொழிவு என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். கோப்பு இருக்கும் இடம், பல அஞ்சலகங்களுக்கு மேலதிகாரமான அஞ்சல் கோட்ட அலுவலகம்.

2. செப்டம்பர் 1-லேருந்து ரிஜிஸ்டர் தபால், சிவப்புப் பெட்டி எல்லாம் கிடையாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

பாதி உண்மை. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். பெயருக்குரியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், விரைவுத் தபாலிலேயே கூடுதல் கட்டணம் கட்டிப் பதிவு வசதியைக் கேட்டு வாங்கலாம். இது ஒரு சேவை மாறிய கதை. இதற்கும் உங்கள் தெரு முனை அலுவலகத்துக்கும் தொடர்பில்லை. தபால் பெட்டிகளை எடுக்கப் போகிறார்கள் என்பது அதோடு ஒட்டிக்கொண்ட வதந்தி.

2013 ஜூலையில் தந்தி நின்றது எல்லோருக்கும் நினைவிருப்பதால் இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். அதே 2025-ல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதிய மென்பொருளுக்கு மாறுவதற்காக ஆங்காங்கே ஒருநாள் பரிவர்த்தனையை நிறுத்தினார்கள். 'இன்று சேவை இல்லை' என்று கதவில் ஒட்டிய தாளைப் படம் எடுத்து அனுப்பியவர்களும் உண்டு. அந்தப் படம் இன்னமும் சுற்றுகிறது.

3. நம்ம ஆபீஸ் எந்த வகை? அதனால என்ன வித்தியாசம்?

மூன்று அடுக்கு. தலைமை அஞ்சலகம், அதற்குக் கீழே துணை அஞ்சலகங்கள், அவற்றுக்குக் கீழே கிளை அஞ்சலகங்கள். நாடு முழுவதும் சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில். அவற்றில் பெரும்பாலானவை கிளைகள். நகரத்தில் நாம் பார்ப்பது அநேகமாகத் துணை அஞ்சலகம்.

துணை அஞ்சலகத்திலும் இரண்டு வகை உண்டு: தபால்காரர்கள் புறப்பட்டுப் போகிற பட்டுவாடா அலுவலகம், கவுன்டர் மட்டும் உள்ள அலுவலகம். காலையில் தபால்காரர்கள் மேசையைச் சுற்றி நின்று கடிதங்களைத் தெருவாரியாக அடுக்குவதைப் பார்த்தால் அது பட்டுவாடா அலுவலகம். பார்க்கவில்லையென்றால் கவுன்டர் மட்டும்தான். இணைப்புக்கு முதலில் பெயர் அடிபடுவது இந்த இரண்டாவது வகை, அதுவும் வாடகைக் கட்டடத்தில், ஒருவரோ இருவரோ வேலை பார்க்கும் இடம்.

4. ஏம்மா, நான் போட்டு வச்சிருக்கிற பணம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகம் பயப்படத் தேவையில்லாததும் இதுதான். உங்கள் பணம் அந்தக் கட்டடத்தில் இல்லை. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசு பொறுப்பு. வங்கியில் ஒருவருடைய டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருந்தாலும் முழுவதற்கும் அரசின் உத்தரவாதம் உண்டு. கிளை மூடினாலும் இதில் மாற்றம் இல்லை.

'மூடப் போகிறார்கள்' என்று கேள்விப்பட்டதும் ஐந்து ஆண்டு டெபாசிட்டை இடையில் முறித்து வட்டியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். 8-வது பதிலைப் படித்தால் தெரியும், கணக்கை முடிப்பது உங்கள் அலுவலகத்தின் கழுத்தை நீங்களே நெரிப்பது போலத்தான்.

5. அப்போ கணக்கு நம்பர், பாஸ்புக் எல்லாம் மாறுமா? எங்க போய் நிக்கணும்?

கணக்கு எண் மாறுவதில்லை. உங்கள் அலுவலகம் எதோடு இணைகிறதோ அதுவே உங்கள் கணக்கின் தாய் அலுவலகம் ஆகிவிடும். எல்லாக் கணக்குகளும் ஒரே கணினி அமைப்பில் இருப்பதால் வேறு துணை அஞ்சலகத்திலும் பணம் கட்டலாம், எடுக்கலாம். தாய் அலுவலகம் அல்லாத இடத்தில் எடுக்கும் தொகைக்கு மட்டும் வரம்பு உண்டு. புதிய அலுவலகம் தூரமாக இருந்து, வேறொன்று பக்கத்தில் இருந்தால் அங்கே மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம்.

இணைப்புக்கு முன் பழைய அலுவலகத்திலேயே சில வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் கடைசி வரி வரை பதிவு போடுங்கள். கைபேசி எண், ஆதார், பான் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நாமினி பெயரைச் சரிபாருங்கள். முக்கியமாகக் கையெழுத்து: பல ஆண்டுகளுக்கு முன் போட்ட மாதிரிக் கையெழுத்தும் இப்போது போடுவதும் ஒத்துப் போகாவிட்டால், உங்களை முகம் தெரிந்த இடத்திலேயே புதிய மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.

2016-க்கு முன் வாங்கிய தாள் சேமிப்புச் சான்றிதழ்கள் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதிர்வு தாண்டி மூன்று ஆண்டுக்குள் முடிக்காத கணக்குகளை ஆண்டுக்கு இரண்டு முறை முடக்கி வைக்க வேண்டும் என்று 2025-ல் உத்தரவு வந்திருக்கிறது. பணம் போகாது; ஆனால் திரும்ப இயக்க வைக்க ஆவணங்களோடு அலைய வேண்டும்.

6. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கும் அதே மாதிரிதானா?

இல்லை, அது வேறு. 2018 செப்டம்பர் 1-ல் தொடங்கிய தனி வங்கி அது. அஞ்சலகக் கட்டடத்தையும் தபால்காரரையும் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் அதில் வைக்க முடியாது. 4-வது பதிலில் சொன்ன முழு உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது, வங்கிக் காப்பீடுதான். அலுவலகம் இணைந்தாலும் கைபேசியிலும் தபால்காரர் வழியாகவும் அது நடக்கும்.

7. அக்கா, லெட்டர் வருமா? பின்கோடு மாறிடுமா? ஆதாரில் மாத்தணுமா?

கவுன்டர் மட்டும் உள்ள அலுவலகம் என்றால் கடிதத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. உங்கள் தபால்காரர் இப்போதும் வேறு இடத்திலிருந்துதான் வருகிறார். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் ஆறு இலக்கப் பின்கோடு பட்டுவாடாவுக்கானது. ஒவ்வொரு அஞ்சலகத்துக்கும் தனிப் பின்கோடு இருக்க வேண்டும் என்பதில்லை.

பட்டுவாடா அலுவலகமே இணைந்தால்தான் இந்தக் கேள்விக்கு அர்த்தம். இப்போது சில நகரங்களில் பல அலுவலகங்களின் தபால்காரர்களை ஒரே பட்டுவாடா மையத்தில் சேர்க்கிறார்கள். பின்கோடு மாறுகிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும் வரை ஆதாரையோ வங்கி முகவரியையோ தொடாதீர்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிப் போன விரைவுத் தபாலை நேரில் போய் வாங்க வேண்டியிருந்தால், முன்பு இரண்டு தெரு நடந்தவர் இனி அந்த மையத்தைத் தேடிப் போக வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள்.

8. எப்பப் பாத்தாலும் கூட்டமா இருக்கே, அப்புறம் எதுக்கு மூடறாங்க?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்கும் கூட்டமும் துறையின் கணக்கில் வரும் வருமானமும் ஒன்றல்ல. ஒரே ஆள் அஞ்சல் தலை விற்று, விரைவுத் தபாலை எடை போட்டு, பாஸ்புக் அச்சடித்து, நடுவில் கணினி நின்றுபோனால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் வரிசை வாசல் வரை நிற்கத்தான் செய்யும். அது ஆள் பற்றாக்குறையின் வரிசை. அதை வைத்து 'நல்ல வியாபாரம்' என்று மேலிடம் எடுத்துக்கொள்ளாது.

வருமானம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, அங்கே பதிவாகும் தபால், பார்சல், அஞ்சல் தலை விற்பனை. கடிதம் குறைந்துவிட்டது, பார்சலைத் தனியார் கூரியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அஞ்சல் அட்டை இன்னும் 50 காசு. அதை ஒரு வீட்டில் கொண்டு சேர்க்க ஆகும் செலவு அதைப் போலப் பல மடங்கு. இன்னொரு விசித்திரம்: சென்னையில் பதிவான பார்சலின் கட்டணம் சென்னையில் வரவு, அதை வெயிலில் சுமந்து போய்க் கொடுக்கும் செலவு திருநெல்வேலியில். வெளியூரிலிருந்து வருவதை வீடுகளில் கொண்டு கொடுப்பதே பெரும்பாலான வேலையாக உள்ள அலுவலகம் தாளில் நோஞ்சானாகத்தான் தெரியும்.

இரண்டாவது வழி சேமிப்புக் கணக்குகள். அஞ்சல் துறை இந்த வேலையை நிதி அமைச்சகத்துக்காகச் செய்கிறது; கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அமைச்சகம் துறைக்கு ஊதியம் தருகிறது. அதனால் உங்கள் பகுதியில் உயிரோடிருக்கும் கணக்கு ஒவ்வொன்றும் அந்த அலுவலகத்தின் வருமானம். 4-வது பதிலில் கணக்கை முடிக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகவும்தான். நான் முகவர், எனக்குக் கமிஷன் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

செலவுப் பக்கம் வாடகை, சம்பளம். துணை அஞ்சலகங்களில் பெரும்பாலானவை வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. நகரத்தில் துணை அஞ்சலகம் திறப்பதற்கான வரையறையே, அது தன் செலவைத் தானே தாங்க வேண்டும், முதல் ஆண்டுப் பரிசீலனையில் 5 சதவீதமாவது லாபம் காட்ட வேண்டும் என்பதுதான். அதோடு தூரக் கணக்கு: 20 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரத்தில் இரண்டு அஞ்சலகங்களுக்கு இடையே குறைந்தது 1.5 கிலோமீட்டர், மற்ற நகரங்களில் 2 கிலோமீட்டர். திறக்கும்போது பார்க்கும் அளவுகோல்தான் இது. ஆனால் எதை எதோடு இணைக்கலாம் என்று யோசிக்கும்போதும் கையில் எடுப்பது இதையே. பழைய நகர்ப் பகுதிகளில் அரை கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்துபோன அலுவலகங்கள் இந்த அளவுகோலில் மாட்டிக்கொள்கின்றன.

9. 1.5 கிலோமீட்டர்னு எப்படி அளக்கிறாங்க? நடுவுல ரயில்வே கேட் இருக்கே!

வரைபடத்தில் 800 மீட்டர் என்பது முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு மேம்பாலப் படிக்கட்டாக இருக்கலாம். நீங்கள் கொடுக்க வேண்டியது நடந்து போகும் வழி. தண்டவாளம், நான்கு வழிச் சாலை, ஆறு, மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் சுரங்கப் பாதை எது குறுக்கே வந்தாலும் எழுதுங்கள். பஸ் உண்டா, எத்தனை மணிக்கு ஒன்று, ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேருங்கள். இணைக்கப் போகும் அலுவலகம் மாடியில் இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா என்றும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

10. அரசாங்கம் என்ன கடையா நடத்துது? லாபம் பார்த்துத்தான் போஸ்ட் ஆபீஸ் வைக்கணுமா?

நான் உங்கள் பக்கம்தான். ஆனால் இந்த வாதம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் பலன். அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள்: நட்டம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறிய அஞ்சலகத்தை மூடக்கூடாது, மூடுவதற்கு 60 நாள் முன்னறிவிப்பு, மக்கள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம். 2011-ல் அங்கே ஏறக்குறைய 3,700 அலுவலகங்களை மூடலாமா என்று பட்டியல் போட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2012-ல் திட்டத்தை மாற்றி, ஆயிரக்கணக்கான சிறு அலுவலகங்களில் வேலை நேரத்தை மட்டும் குறைத்தார்கள். பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை சுமார் 2,500 அலுவலகங்கள் போயின. ஆனாலும் அங்கே மக்களில் 99 சதவீதத்தினருக்கு மூன்று மைலுக்குள் ஓர் அஞ்சலகம் இருக்க வேண்டும் என்ற வரையறை உண்டு. இன்னொரு முனையில் டென்மார்க்: 1624-ல் தொடங்கிய அரசு அஞ்சல் சேவை 2025 டிசம்பர் 30-ம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திக்கொண்டது.

நம் நாட்டில் 1898-ம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, அஞ்சலகச் சட்டம் 2023 என்ற புதிய சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. மூடுவதற்கு முன் இத்தனை நாள் அறிவிப்பு, பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற ஏற்பாடு அதில் இல்லை. அதனால் நம்மிடம் இருப்பது துறையின் நிர்வாக வரையறைகளும், அவற்றைக் காட்டிக் கேள்வி கேட்கும் உரிமையும்தான். வேலை நேரத்தைக் குறைத்தாவது கவுன்டரை வையுங்கள் என்ற அமெரிக்க யோசனையை நம் மனுவிலும் மாற்றுக் கோரிக்கையாக வைக்கலாம்.

11. எங்க ஊர்ல ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்குதே கிளை ஆபீஸ், அதையும் எடுத்துடுவாங்களா?

கிராமத்துக்கு அளவுகோல் வேறு. சாதாரணப் பகுதியில் 3,000 மக்கள் தொகை, 3 கிலோமீட்டர் தூரம், செலவில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் வந்தாலே போதும். மலை, பழங்குடிப் பகுதிகளில் 15 சதவீதம் போதும். கிராமத்து அலுவலகம் நட்டத்தில் நடக்கும் என்று ஒத்துக்கொண்டே வைத்திருக்கிறார்கள். இடத்தையும் கிளை அஞ்சல் அதிகாரியே ஏற்பாடு செய்வதால் வாடகைப் பிரச்சினை குறைவு.

கிராமத்தில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அந்த ஊழியர் ஓய்வு பெற்று, அந்த இடம் நிரப்பப்படாமல், பக்கத்து ஊர்க்காரர் 'கூடுதல் பொறுப்பு' பார்த்துக்கொண்டே இருந்தால் கவனியுங்கள். கணக்குகள் மெல்ல வேறு ஊருக்குப் போய்விடும். காலியிடத்தை நிரப்பச் சொல்லி அப்போதே எழுதுங்கள்.

12. பக்கத்துலயே பேங்க், ஏ.டி.எம்., போன்ல எல்லாம் இருக்கு. இதுக்கு ஏன் இவ்வளவு கவலை?

உங்களுக்குக் கவலை இல்லைதான். மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அந்த அலுவலகத்தில் போய் நின்று பாருங்கள். மூத்த குடிமக்கள் திட்டம், மாத வருமானத் திட்டம் ஆகியவற்றின் வட்டி 2022 ஏப்ரல் முதல் கையில் ரொக்கமாகத் தரப்படுவதில்லை. சேமிப்புக் கணக்கில்தான் வரவாகும். அதை எடுக்க ஒரு பாட்டி வருகிறார். படிவத்தை வேறு யாரோ நிரப்பித் தருகிறார்கள். நூலில் கட்டித் தொங்கும் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார், கை நடுங்கி எழுத்து கோணுகிறது. கவுன்டரில் இருப்பவர் திரையில் இருக்கும் பழைய கையெழுத்தைப் பார்க்கிறார், கண்ணாடிக்கு மேலே பாட்டியைப் பார்க்கிறார். "இன்னொரு தடவை நிதானமா போடுங்கம்மா" என்கிறார். இரண்டாவது முறையும் கோணல்தான். பல வருடமாக வருகிறவர் என்று தெரியும்; பக்கத்தில் நிற்பவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். விதிக்குள்தான் எல்லாம் நடந்தது, ஆனால் முகம் தெரிந்ததால் நடந்தது. இணைந்த பெரிய அலுவலகத்தில் இதே பாட்டியைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏ.டி.எம். அட்டை வாங்கிக் கொடுக்கலாமே என்பீர்கள். வாங்கிக் கொடுங்கள், அஞ்சலக அட்டை மற்ற வங்கி இயந்திரங்களிலும் வேலை செய்யும். ஆனால் ரகசிய எண்ணை அட்டையின் பின்பக்கமே எழுதி வைத்திருப்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

13. ஆர்.டி. பணம் வாங்க நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?

வருவேன். முகவர்கள் இணைந்த அலுவலகத்தில் பட்டியலைக் கட்டுவோம். தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம் என்ற விதியும் அப்படியேதான். அதனால் இணைப்பு நடக்கும் மாதத்தில் மட்டும் பணத்தை நாலு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

14. யாருகிட்ட மனு கொடுக்கணும்? கலெக்டரா, முதலமைச்சரா?

அஞ்சல் துறை முழுக்க மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மாநில அரசுக்கு இதில் அதிகாரம் இல்லை. முதல் மனு அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு. நகல், மண்டல அஞ்சல் துறைத் தலைவருக்கும் சென்னையில் உள்ள வட்டத் தலைமைக்கும் (மாநில அளவிலான தலைமை அது). தமிழ்நாட்டில் சென்னை நகரம், மத்திய, தெற்கு, மேற்கு என நான்கு மண்டலங்கள். கடைசி மூன்றின் தலைமையிடம் முறையே திருச்சி, மதுரை, கோவை. அடுத்து உங்கள் மக்களவை உறுப்பினர். அவர் அமைச்சருக்கு எழுதும் ஒரு கடிதம் கோப்பில் ஏறினால் பதில் எழுதியே ஆக வேண்டிய நிலை வரும்.

மத்திய அரசின் குறைதீர் இணையதளத்தில் பதிவு செய்தால் எண் கிடைக்கும், பின்தொடரலாம். துறையின் கட்டணமில்லா எண் 1800 266 6868. ஆனால் அங்கே மூடல் பற்றிக் கேட்டால் குறையைப் பதிவு செய்வார்கள், அவ்வளவுதான். அவ்வப்போது நடக்கும் அஞ்சல் குறைதீர் முகாம்களுக்கும் மனு அனுப்பலாம். கவுன்சிலரால் துறையை அசைக்க முடியாது, ஆனால் 17-வது பதிலில் வரும் விஷயத்துக்கு அவர்தான் தேவை.

15. மனுவில் என்ன எழுதறது? 'மூடாதீர்கள்'னு எழுதிக் கையெழுத்து வாங்கினா போதாதா?

போதாது. "எங்கள் பகுதி மக்கள் மிகுந்த சிரமத்துக்கு ஆளாவார்கள்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கிறது. 8-வது பதிலில் சொன்ன கணக்குக்கு எதிர்க்கணக்கு கொடுங்கள். பகுதியில் எத்தனை வீடுகளில் அஞ்சலகக் கணக்கு இருக்கிறது, எத்தனை பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், அருகில் பள்ளி, நீதிமன்றம், சிறு தொழிற்கூடம் எவை, அவை மாதம் சுமாராக எத்தனை தபால் அனுப்புகின்றன என்று எழுதுங்கள். தூரத்துக்கு 9-வது பதில். கையெழுத்துப் போடும்போது முழுக் கணக்கு எண்ணை எழுதாதீர்கள். 'கணக்கு உண்டு' என்ற குறிப்பு போதும். மனு பல கை மாறும்.

அப்புறம், துறைக்கு ஏதாவது கொடுத்துவிட்டுக் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புகளையும் கடைக்காரர்களின் பார்சலையும் அங்கேயே பதிவு செய்வதாக எழுதிக் கொடுக்கலாம். பெண் குழந்தை இருக்கும் வீடுகளில் செல்வமகள் கணக்கு தொடங்க ஒரு முகாம் நடத்தலாம். ஆறு மாதத்தில் கணக்குகள் கூடினால் அடுத்த மனுவுக்கு அதுவே ஆதாரம்.

16. கேட்டா 'எங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ங்கிறாங்க. என்ன பண்றது?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். அந்த அஞ்சலகத்திலேயே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி விண்ணப்பத்தோடு வைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரி எழுதுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

'ஏன் மூடுகிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் நழுவ வழி இருக்கிறது. ஆவணம் கேளுங்கள்: இணைப்பு முன்மொழிவின் நகல், கடந்த மூன்று நிதியாண்டுகளின் வரவு செலவு, கணக்குகளின் எண்ணிக்கை, இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே பதிவாகியுள்ள தூரம், வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி. கடைசியாகச் சொன்ன தேதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அநேக இணைப்புகள் ஒப்பந்தம் முடியும் சமயத்தில்தான் வேகம் பிடிக்கின்றன.

17. கட்டட ஓனர் காலி பண்ணச் சொல்றாராம். அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?

இங்கேதான் மக்களால் நிஜமாகவே ஏதாவது செய்ய முடியும். உரிமையாளர் சந்தை வாடகை கேட்கிறார், துறை நிர்ணயிக்கும் வாடகை அதற்கு எட்டுவதில்லை, பேச்சு இழுக்கிறது, இணைப்பு சுலபமாகத் தெரிகிறது. மாற்று இடம் ஒன்றைக் காட்டிவிட்டால் கோப்பின் போக்கே மாறலாம். தரைத் தளம், தனி வாசல், பணம் வைக்கப் பாதுகாப்பான அறை, கழிப்பறை, மும்முனை மின்சாரம் கொண்ட இடமாகப் பாருங்கள். சமூகக் கூடம், பழைய நூலகக் கட்டடம், வணிக வளாகத்தில் காலிக் கடை என்று மாநகராட்சிக்குச் சொந்தமான இடங்கள் இருக்கும். கவுன்சிலர் தேவைப்படுவது இதற்குத்தான். உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் எதிர்பார்க்கும் வாடகையையும் மனுவோடு இணையுங்கள். வாய்ச்சொல் கோப்பில் ஏறாது.

18. அதுக்குப் பதிலா ஒரு கடையில் தபால் முகமை வைக்கிறாங்களாம். அது போதுமே?

அஞ்சல் தலை, விரைவுத் தபால் பதிவுக்குப் போதும். சேமிப்புக் கணக்கு அங்கே நடக்காது, பட்டுவாடாவும் இல்லை. 12-வது பதிலில் வந்த பாட்டிக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. முகமை வருகிறது என்றால் வரட்டும். அதை மாற்று ஏற்பாடாக ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

19. கோர்ட்டுக்குப் போனா?

போகலாம். ஆனால் எந்த அலுவலகத்தை எங்கே வைப்பது என்பதை நிர்வாகக் கொள்கை முடிவாகவே நீதிமன்றங்கள் பார்க்கும். அதில் தலையிடத் தயங்கும். துறை தன் வரையறையையே மீறியிருக்கிறது என்று 16-வது பதிலில் வாங்கிய ஆவணங்களால் காட்ட முடிந்தால் வழக்குக்குக் கொஞ்சம் உயிர் வரும். அவை இல்லாமல் வழக்கறிஞர் கட்டணத்தைச் செலவழிக்காதீர்கள்.

20. அங்க வேலை பார்க்கிறவங்க கதி?

நிரந்தர ஊழியர்களை வேறு அலுவலகத்துக்கு மாற்றுவார்கள், வேலை போகாது. பெருக்க வருகிற அம்மாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஊழியர்களை உங்கள் போராட்டத்துக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. வாய் திறந்தால் விளக்கம் கேட்பார்கள். அவர்களின் தொழிற்சங்கங்கள் பேசட்டும்.

21. எங்க ஏரியாவுல ஏற்கெனவே இணைச்சாச்சு. திரும்பத் திறப்பாங்களா?

புதிதாகத் திறக்கிற மாதிரிதான் விண்ணப்பிக்க வேண்டும். 8-வது பதிலில் சொன்ன தூரம், வருமானம் இரண்டையும் தாண்ட வேண்டும், ஆளும் ஒதுக்க வேண்டும். பெரிய குடியிருப்புகள் புதிதாக வந்த பகுதி என்றால் கேட்டுப் பார்க்கலாம். மற்ற இடங்களில் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் சின்னதாகக் கேட்டு வாங்க முடிகிறவை உண்டு. பழைய வாசலில் இருந்த தபால் பெட்டியை அங்கேயே வைத்திருக்கச் சொல்லி எழுதுங்கள், எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பதை அதில் எழுதி வைக்கவும் கேளுங்கள். ஓய்வூதியர்களின் ஆயுள் சான்றிதழுக்குத் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். அதற்கான கட்டணம் 70 ரூபாய். நவம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அதனால் மாதத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.